25,000 ரூபாய்க்குள்ள செமி ஹாலோ கிட்டார்: நடுக்கட்டையப் பாத்துட்டு வாங்குங்க

சரி, அடுத்த கேள்வி. பாளையங்கோட்டையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. வாசிச்சிருதேன். "அண்ணே, போன வீடியோவுல புதுசா ஒரு செமி ஹாலோ எலக்ட்ரிக் கிட்டார் வச்சிருந்தீங்களே, எப்படி இருக்கு? நான் சர்ச் கொயர்ல வாசிக்கேன். வீட்ல அக்கூஸ்டிக் ஒண்ணு இருக்கு. 25,000 ரூபாய்க்குள்ள செமி ஹாலோ பாக்கேன். பிளைவுட்டுல செஞ்சதுன்னு சொல்லுதாவ, மேடையில ஊளையிடும்னும் சொல்லுதாவ. வாங்கலாமா?"

வாங்கலாம் தம்பி. ஆனா ஒண்ணே ஒண்ணப் பாத்துட்டு வாங்குங்க. அதச் சொல்லணும்னுதான் இந்தக் கேள்விய எடுத்தேன். கிட்டார் கைக்கு வந்து பத்து நாள்தான் ஆகுது. ஒத்த கிட்டார வச்சு ஒரு கம்பெனிய எடை போடக் கூடாதுங்கதுனால பேரச் சொல்லல. இந்த விலையில வர்ற எல்லா செமி ஹாலோவுக்கும், அதாவது பாதி கூடு பாதி கட்டையா இருக்க கிட்டாருக்கு, பொருந்துத விஷயத்த மட்டும் பேசுதேன்.

நம்ம பக்கத்துல வில்லுப்பாட்டு கேக்காம வளந்தவங்க இருக்க மாட்டீங்க. கொடைக்குக் கொடை கேட்டிருக்கோம். வில்லுல வீசுகோல் விழும், மணி குலுங்கும், ஆனா அடிவயித்துல வந்து இறங்குத அந்த 'கும்' எங்க இருந்து வருது? குடத்துல இருந்து. குடத்து வாயில பத்தியால அடிக்கும்போது உள்ள இருக்க காத்துதான் பேசுது. உங்க அக்கூஸ்டிக் கிட்டாரும் அதே மாதிரிதான். ஸ்ட்ரிங் ஆடுது, மேல் பலகை ஆடுது, உள்ள இருக்க காத்தும் சேந்து ஆடுது.

இப்ப அப்படி ஒரு கூடான கிட்டார்ல பிக்கப்ப, அதாவது ஸ்ட்ரிங் ஆடுதத மின்சாரமா மாத்துத பாகத்த மாட்டி, பெரிய ஸ்பீக்கர் முன்னால நிக்கீங்கன்னு வைங்க. ஸ்பீக்கர்ல இருந்து வர்ற சத்தம் பலகைய ஆட்டும். பலகை ஸ்ட்ரிங்க ஆட்டும். பிக்கப் அத எடுத்துத் திரும்ப ஸ்பீக்கருக்கே அனுப்பும். சுத்திச் சுத்தி வளந்துகிட்டே போகும். நீங்க சொன்ன ஊளை அதுதான். அதுக்கு மருந்தாத்தான் 1958ல கிப்ஸன் கம்பெனி இஎஸ்-335னு ஒரு கிட்டாரக் கொண்டு வந்தாங்க. ரெண்டு பக்கமும் கூடு, நடுவுல மட்டும் கழுத்துல இருந்து வால் வரைக்கும் ஒரு கட்டை. பிக்கப்பும், ஸ்ட்ரிங்கத் தாங்குத பிரிட்ஜும் அந்தக் கட்டை மேல உக்காந்திருக்கும். பலகை கண்டபடி ஆடாது, ஆனா ரெண்டு ஓரத்துக் காத்தும் கொஞ்சம் பேசும். செமின்னு பேரு வந்தது அதனாலதான். இன்னைக்கு நம்ம விலைக்கு வர்ற செமி ஹாலோவெல்லாம் பெரும்பாலும் அந்த உருவத்தப் பாத்துச் செஞ்சதுதான்.

நான் பாக்கச் சொல்லுதது அந்த நடுக்கட்டையத்தான். விலை குறைக்கும்போது சிலது பிரிட்ஜுக்கு அடியில மட்டும் ஒரு துண்டு வச்சு முடிச்சிருதாவ. வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். அதனால கடைக்குப் போனதும் வாசிக்க முன்னால போன் டார்ச்ச அடிச்சு எஃப் ஹோல் வழியா, அதாவது மேல் பலகையில 'f' வடிவத்துல இருக்க ஓட்டை வழியா உள்ள பாருங்க. இந்தா, கேமராவக் கிட்ட கொண்டு வாறேன், பாருங்க... தெரியுதா? இங்க சுவர் மாதிரி நிக்குது பாருங்க, கழுத்துப் பக்கத்துல இருந்து பின்னால வரைக்கும் விடாம ஓடுது. அந்தா மூலையில பசை வழிஞ்சு காஞ்சு போயிருக்கு, கொஞ்சம் மரத்தூளும் கிடக்கு. அது போகட்டும், சத்தத்துக்குக் குத்தமில்ல. இனி விரல மடக்கித் தட்டுதேன், கேளுங்க. பிரிட்ஜ் பக்கம்... டக், டக். எஃப் ஹோலுக்கு வெளி ஓரம்... டொம், டொம். பலாப்பழத்தத் தட்டி வாங்குவோம்லா, அதே மாதிரிதான். ரெண்டு இடத்துலயும் டொம்முன்னு கேட்டா யோசிங்க.

பிளைவுட் கதைக்கு வாறேன். அது உண்மைதான், ஆனா குறை இல்ல. அந்த இஎஸ்-335-லயே மேல் பலகை, அடிப்பலகை எல்லாம் மெல்லிசான தகடுகள ஒட்டி அழுத்தினதுதான். அந்த வளைவு அப்படித்தான் வரும். நம்ம சீதோஷ்ணத்துக்கு அது ஒரு வகையில நல்லதும்கூட. மே மாசம் பாளையங்கோட்டை வெயிலு, ஜூன்ல தென்காசிப் பக்கம் சாரலு. ஒத்தப் பலகை அக்கூஸ்டிக் இதுல சுருங்கி விரிஞ்சு என்ன பாடு படுதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ஒட்டுப்பலகை அந்த அளவுக்கு அசையாது. கழுத்து மட்டும் அசையும். அதுக்குக் கழுத்துக்குள்ள டிரஸ் ராட்னு ஒரு இரும்புக் கம்பி இருக்கு, கால் சுத்து திருகினா சரியாயிரும்.

மேடையில ஊளை விடுமான்னு கேட்டா, கொயர் சத்தத்துக்கு விடாது. போன ஞாயித்துக்கிழமை கீபோர்டு, டிரம் பேடு எல்லாத்தோடயும் வாசிச்சுப் பாத்தேன், ஒரு தொந்தரவும் இல்ல. சத்தத்தக் கரகரப்பாக்குத டிஸ்டார்ஷனக் கூட்டி, ஆம்ப்புக்கு (கிட்டார் ஸ்பீக்கர் பெட்டிக்கு) முகத்தக் காட்டி நின்னா லேசா முனக ஆரம்பிக்கும். ஒரு அடி நகந்து, உடம்பத் திருப்பினா நின்னுரும். அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி. பி. கிங் மாதிரி ஒரு பெரியவரே எஃப் ஹோலுக்குள்ள துணியத் திணிச்சு வச்சு வாசிச்சவருதான். பிறகு 1980ல அவருக்குன்னு கிப்ஸன் செஞ்ச லூசில் கிட்டார்ல எஃப் ஹோலே வைக்கல. அதனால துணி திணிக்கது ஒண்ணும் கேவலமான வேலை இல்ல. டிசம்பர்ல கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது வண்டியில பாக்ஸ் ஸ்பீக்கர் நம்ம இடுப்புக்குப் பக்கத்துலயே இருக்கும் பாருங்க, அன்னைக்கு ஒரு பழைய பனியன் துணியக் கையில வச்சுக்கிடுங்க.

இனி குறை. என்னதுல வந்தத அப்படியே சொல்லுதேன். பெட்டியப் பிரிச்சதும் கழுத்தோரம் கையத் தடவினேன், கழுத்துல குறுக்க பதிச்சிருக்க உலோகக் கம்பி, அதான் ஃப்ரெட், அதோட முனையெல்லாம் ரம்பம் மாதிரி கீறிச்சு. 12-ஆவது ஃப்ரெட்ல தடிச்ச ஸ்ட்ரிங் 3 மில்லிமீட்டர் உயரத்துல நின்னுச்சு, பிரிட்ஜ இறக்கி 2க்குக் கொண்டு வந்தேன். ஜி ஸ்ட்ரிங்க டியூன் பண்ணும்போது 'டிங்'குன்னு ஒரு சத்தம் வரும், சுதி சட்டுன்னு தாவிரும். கழுத்து முனையில ஸ்ட்ரிங் உக்காருத வெள்ளைக் கட்டை இருக்குலா, அதுல வெட்டு இறுக்கம். ஸ்ட்ரிங்க எடுத்துட்டு அந்தப் பள்ளத்துல பென்சில நல்லாத் தேச்சேன், இப்ப வழுக்கிப் போகுது. எஃப் கார்டு பிடிச்சா மட்டும் சுதி கொஞ்சம் ஏறுது, அந்த வெட்ட ஆழப்படுத்தினாத்தான் தீரும். அத நானா செய்ய மாட்டேன், ஒரு இழுப்பு கூடினாலும் கட்டையவே மாத்தணும். தெரிஞ்ச ஆளுகிட்ட குடுக்கப் போறேன்.

இதெல்லாம் விலை குறைஞ்ச கிட்டாருக்கு வழக்கம்தான். கூடே இல்லாம முழுக்கட்டையா வர்ற சாலிட் பாடி வாங்கினாலும் இருக்கும். செமி ஹாலோவுக்குன்னு தனியா ஒரு தலைவலி உண்டு, அத முக்கியமாக் கேளுங்க. கேபிள் சொருகுத ஜாக் நட்டு எனக்கு லூசா வந்துச்சு. சாலிட் பாடின்னா மூடியக் கழத்தி உள்ள பாத்துக்கலாம். இதுல பெரும்பாலும் பின்னால மூடியே கிடையாது. வயரு, வால்யூம் குமிழுக்கு அடியில இருக்க பாகம், ஜாக்கு எல்லாம் எஃப் ஹோல் வழியாத்தான் உள்ள போகும், அதே வழியாத்தான் வெளிய வரும். ரிப்பேர் பாக்கவங்க ஒவ்வொரு குமிழோட தண்டுலயும் நூலக் கட்டி, உள்ள விட்டு, திரும்ப அதே ஓட்டைக்கு இழுத்துக் கொண்டு வருவாவ. நேரம் பிடிக்கும், கூலியும் கூடும். அதனால நட்டு லூசா இருந்தா ஸ்பேனரப் போட்டு வெறுமன திருகிராதீங்க. உள்ள ஜாக்கும் சேந்து சுத்தி வயரு அந்துரும். ஜாக்கு அசையாமப் பிடிச்சுக்கிட்டுதான் இறுக்கணும். மொத்தத்துல கையில இருக்க 25,000த்தையும் கிட்டாருக்கே குடுத்துராம, ஒரு 2,000 ரூபாய செட்டப்புக்குன்னு, அதாவது இந்த மாதிரி சரிபண்ணுத வேலைக்குன்னு எடுத்து வைங்க.

சத்தத்தப் பத்திச் சொல்லாம முடிக்க மனசு வரல. கழுத்துப் பக்கத்துல இருக்க நெக் பிக்கப்ப வச்சு, டோன் குமிழப் பாதிக்குக் குறைச்சு, கீர்த்தனைக்குப் பின்னால மெதுவா கார்டு வாசிங்க. பாடுதவங்க குரல மறைக்காது, ஆனா அது இல்லன்னா பாட்டு வெறிச்சுன்னு ஆயிரும். அப்படி ஒரு மெத்துன்னு வருது. நான் வாசிக்கும்போது பக்கத்துல நின்ன ஆல்ட்டோ பாடுத அக்கா திரும்பிப் பாத்தாவ. பிரிட்ஜ் பிக்கப் கொஞ்சம் காதுல குத்துது, அத நான் அதிகம் தொடல. ராத்திரி ஆம்ப் இல்லாமலும் வாசிக்கலாம். சாலிட் பாடிய விட நல்லாக் கேக்கும், பக்கத்து அறையில பிள்ளை தூங்கினா முழிக்காது. எனக்கு இந்த பத்து நாளும் பாதி வாசிப்பு அப்படித்தான் ஓடுச்சு.

கடையில டார்ச்சு அடிச்சும் கட்டை முழுசா ஓடுதான்னு தெரியலன்னா, போன எஃப் ஹோல் கிட்ட வச்சு ரெண்டு போட்டோ எடுத்து அனுப்புங்க தம்பி. பாத்துச் சொல்லுதேன். அதுவரைக்கும் அட்வான்ஸ் குடுத்துராதீங்க. சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.