முர்னாவின் காமிரா

அவையோருக்கு வணக்கம்.

ஜெர்மன் மௌனப்பட இயக்குநர் முர்னாவ் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது ஒரு மொட்டைத் தலை, நீண்ட நகங்கள், மாடிப்படிச் சுவரில் ஏறிப்போகும் ஒரு கூன் நிழல். 1922-இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு'. பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா கதையை உரிமை வாங்காமலே எடுத்துவிட்டார்கள். பெயர்களை மாற்றினால் தப்பிக்கலாம் என்று நினைத்தார்கள் போலும். ஸ்டோக்கரின் மனைவி விடவில்லை. பிரதிகளையெல்லாம் அழிக்கச் சொல்லி 1925-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் பிரதிகள் அதற்குள் வெளிநாடுகளுக்குப் போய்விட்டிருந்ததால் படம் பிழைத்தது. ரத்தக்காட்டேரிக்குப் பொருத்தமான ஆயுசுதான். இந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் வேறொரு படத்துக்காக வந்திருக்கிறேன்.

ஆளைப் பற்றி இரண்டு வார்த்தை. 1888-இல் ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகரில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் பிளம்பே. முர்னாவ் என்பது பவேரியாவில் உள்ள ஓர் ஊர். ஊர்ப்பெயரைத் தன் பெயராக்கிக்கொள்வது நமக்கொன்றும் புதிதல்ல. நாடக இயக்குநர் மாக்ஸ் ரெய்ன்ஹார்ட்டின் குழுவில் பயின்றார். முதல் உலகப் போரில் விமானம் ஓட்டினார். சுவிட்சர்லாந்தில் தரையிறங்கி, போர் முடியும்வரை அங்கேயே தடுத்து வைக்கப்பட்டார். வானத்தில் பறந்தவர் என்பதால்தான் பின்னாளில் காமிராவையும் பறக்கவிட்டார் என்று சொல்லத் தோன்றும். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை. நின்ற இடத்திலேயே கட்டிக்கிடந்த காமிராவை அவிழ்த்துவிட்டதில் மூன்று பேருக்குப் பங்குண்டு: கதை எழுதிய கார்ல் மேயர், ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட், இவர்.

நான் சொல்ல வந்த படம் 1924-இல் வெளியான 'கடைசி மனிதன்'. ஒரு பெரிய ஹோட்டலின் வாசற்காவலர், வயதானவர். தங்கப் பித்தான் வைத்த நீளமான சீருடைக் கோட்டுதான் அவருடைய உலகம். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் குடியிருப்பே எழுந்து வணக்கம் வைக்கும். ஒருநாள் கனமான பெட்டியைத் தூக்கிவிட்டு மூச்சு வாங்க உட்கார்கிறார். மேனேஜர் கண்ணில் பட்டுவிடுகிறது. மறுநாள் அவரைக் கழிப்பறைக்கு மாற்றிவிடுகிறார்கள். துண்டு எடுத்துக் கொடுக்கிற வேலை.

முதல் காட்சியைக் கவனியுங்கள். காமிரா லிஃப்டில் இறங்கி, கூடத்தைக் கடந்து, சுழற்கதவு வரைக்கும் போகிறது. சைக்கிளில் காமிராவை வைத்து எடுத்தது. காவலர் குடித்துத் தள்ளாடும் காட்சிக்கு ஃப்ராய்ண்ட் காமிராவைத் தன் மார்பிலேயே கட்டிக்கொண்டார். குடிகாரரை நாம் வேடிக்கை பார்ப்பதில்லை, அவர் கண்ணால் உலகம் சுழல்வதைப் பார்க்கிறோம். போதையில் அவர் காணும் கனவில், பல பேர் தூக்கத் திணறும் பெட்டியை ஒற்றைக் கையால் மேலே வீசிப் பிடிக்கிறார். பகலில் தோற்றுப்போன அதே பெட்டி! காவலராக நடித்த எமில் ஜானிங்ஸ் அதைச் சிரித்துக்கொண்டே செய்கிறார், நமக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் படம். மௌனப்படங்களில் பேச்சையும் கதையையும் எழுத்தில் காட்டும் வசன அட்டை என்று இதில் வருவது ஒன்றே ஒன்று. வசனத்துக்குக் கைதட்டியே வளர்ந்த கூட்டம் நாம், இதை நம்பக் கஷ்டமாக இருக்கும். அந்த ஒரே அட்டையும் பாத்திரம் பேசுவதல்ல. நிஜத்தில் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும், கதாசிரியருக்கு இவர்மேல் இரக்கம் வந்துவிட்டது என்று சொல்லி, கிழவருக்கு ஒரு கோடீஸ்வரரின் சொத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த முடிவு ஒட்டவில்லை என்று குறை சொல்வோர் உண்டு. ஒட்டக்கூடாது என்பதற்காகத்தானே அந்த அட்டையே! "இது பொய்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கொடுக்கிற இன்பமான முடிவை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை.

இந்தப் படத்தின் படப்பிடிப்பைப் பக்கத்திலிருந்து பார்த்த இளைஞர்களில் ஒருவர், வேறு வேலையாகப் பெர்லின் வந்திருந்த, பின்னாளில் பெரிய இயக்குநரான ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்.

பிறகு முர்னாவை ஹாலிவுட்டின் ஃபாக்ஸ் கம்பெனி அழைத்தது. 1927-இல் 'சன்ரைஸ்'. அதில் மணமான ஒரு கிராமத்தானை மயக்கிய நகரத்துக்காரி, "உன் மனைவி நீரில் மூழ்கிவிட்டால்?" என்று கேட்கும்போது அட்டையிலுள்ள எழுத்துகளே கரைந்து கீழே இறங்கும். முதல் ஆஸ்கர் விழாவில் அந்தப் படம் விருதுகளைக் குவித்தது. அது வெளியான மறு மாதமே 'ஜாஸ் சிங்கர்' வந்தது, சினிமா வாய் திறந்தது. மௌனப்படம் உச்சியைத் தொட்ட நேரத்தில் கடையைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் ஸ்டூடியோவை விட்டு விலகி டஹீட்டி, போரா போரா தீவுகளுக்குப் போய் 'டாபு'வை எடுத்தார். 1931 மார்ச் மாதம், அது திரைக்கு வர ஒரு வாரம் இருக்கையில், கலிஃபோர்னியாவில் கார் விபத்தில் சிக்கி இறந்தார். வயது 42.

அவர் எடுத்தவை 21 படங்கள். முழுதாகக் கிடைப்பவை 12. சர்க்கஸ் கலைஞர்களைப் பற்றி அமெரிக்காவில் எடுத்த 'நான்கு பிசாசுகள்' படத்தை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார்கள். 'நோஸ்ஃபெராட்டு'வை அழிக்கக் கோர்ட்டு உத்தரவு போட்டும் அது நம் கைக்கு வந்துவிட்டது. இதை யாரும் அழிக்கச் சொல்லவில்லை, ஆனாலும் ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை.