சிவப்புக் கோட்டின் வழியே பாஸ்டனில் ஒரு நடை

வணக்கம் மக்களே! காலடியில் இந்தச் சிவப்புச் செங்கல் கோடு தெரிகிறதா? இதைப் பிடித்துக்கொண்டே நடந்தால் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த புரட்சிக் கால இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். ஃப்ரீடம் டிரெயில் என்று பேர். பாஸ்டன் காமன் பூங்காவில் தொடங்கி, ஆற்றைத் தாண்டி சார்ல்ஸ்டவுனில் இருக்கிற பங்கர் ஹில் நினைவுத் தூண் வரை போகிறது. மொத்தம் 4 கிலோமீட்டர், 16 இடங்கள். நின்று நிதானமாகப் பார்க்க ஒரு முழு நாள் வேண்டும். நல்ல ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள்.

பூங்காவையும் தங்கக் குவிமாடம் வைத்த ஸ்டேட் ஹவுஸையும் சீக்கிரமாகக் கடந்துவிட்டேன். இப்போது நிற்பது டிரெமான்ட் தெருவில், கிரானரி கல்லறைத் தோட்டம். 1660இல் அமைத்தது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. புரட்சியின் பெரிய பெயர்களான சாமுவேல் ஆடம்ஸ், ஜான் ஹான்காக், பால் ரெவியர் மூவரும் இங்கேதான் அடக்கமாகி இருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பெயர்களைத் தேடிப் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் ஆடம்ஸ் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தக் கல்லையும் படியுங்கள். கேமராவைக் கிட்டே கொண்டு போகிறேன். 1770 மார்ச் 5ஆம் தேதி பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்ட பாஸ்டன் படுகொலையில் செத்த ஐந்து பேரின் பெயர். அதற்குக் கீழே ஒரு பையன். கிறிஸ்டோபர் ஸ்னைடர், வயது 12, பிப்ரவரி 22இல் கொல்லப்பட்டவன் என்று பொறித்திருக்கிறார்கள்.

அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான். பிரிட்டிஷ் சரக்கை வாங்கக் கூடாது, விற்கக் கூடாது என்று ஊரே புறக்கணிப்பில் இருந்த நேரம். அதை மதிக்காத ஒரு கடைக்கு முன்னால் சிறுவர்கள் கூடினார்கள். அவர்களைத் தடுக்க வந்த சுங்கத் துறை ஆள் ஒருவருடைய வீட்டின் மேல் கல் விழுந்தது. அவர் ஜன்னல் வழியாகத் துப்பாக்கியால் சுட்டார். பையன் செத்துப்போனான். இறுதி ஊர்வலத்துக்கு ஆயிரக்கணக்கில் ஜனம் வந்தது. அப்போது இந்த ஊரில் அடிமையாக இருந்த இளம்பெண் ஃபிலிஸ் வீட்லி, அவனுக்காக ஒரு கவிதையே எழுதினார். அவன் செத்த 11ஆவது நாள்தான் அந்தப் படுகொலை.

அது நடந்த இடத்துக்குப் போகிற வழியில் ஓல்ட் சவுத் மீட்டிங் ஹவுஸ் வருகிறது. 1773 டிசம்பர் 16 அன்று தேயிலை வரியை எதிர்த்துச் சுமார் 5,000 பேர் இங்கே கூடினார்கள். அன்று இரவே போராட்டக்காரர்கள் கப்பல்களில் இருந்த 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அது சீனத் தேயிலை, ஆனால் சரக்கு கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. நம் கோட்டை செயின்ட் ஜார்ஜில் உட்கார்ந்திருந்த அதே கம்பெனி! அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஆர்க்காட்டு நவாபோடு சேர்ந்து கம்பெனிப் படை தஞ்சாவூரைப் பிடித்திருந்தது. இந்த இரண்டு செய்தியையும் ஒன்றாக வைத்து யோசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சரி, ஓல்ட் ஸ்டேட் ஹவுஸ் வந்தாச்சு. 1713இல் கட்டியது. சுற்றி நிற்கிற கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே சின்னதாகத் தெரிகிறது. மேலே சிங்கமும் யூனிகார்னும் இருக்கின்றன, பாருங்கள், பிரிட்டிஷ் அரச சின்னம். 1776 ஜூலை 18 அன்று இந்தப் பால்கனியில் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்ததும், பழைய சிலைகளை மக்கள் இறக்கிக் கொளுத்திவிட்டார்கள். இப்போது இருப்பவை பின்னாளில் செய்து வைத்தவை.

கீழே நடைபாதையில் கற்களை வட்டமாகப் பதித்திருக்கிறார்கள். அதுதான் படுகொலையின் அடையாளம். சாலை வேலைகளால் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. செத்தவர்களில் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் கப்பலில் வேலை செய்தவர், கறுப்பின, பூர்வகுடி வம்சாவளி. சாமுவேல் கிரே கயிறு திரிக்கிறவர். சாமுவேல் மேவரிக் தொழில் பழகிக்கொண்டிருந்த 17 வயதுப் பையன். எல்லாரும் உழைத்துச் சாப்பிட்ட ஜனங்கள். சுட்ட சிப்பாய்களுக்காக வாதாடியவர் பின்னாளில் ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ். யாராக இருந்தாலும் நியாயமான விசாரணை கிடைக்க வேண்டும் என்று அவர் நின்றதை நான் மதிக்கிறேன். ஆனால் அதே வாதத்தில் இறந்தவர்கள் நின்ற கூட்டத்தை வாய்த்துடுக்குப் பையன்கள், கறுப்பர்கள், ஐரிஷ்காரர்கள், மாலுமிகள் என்று இளக்காரமாகப் பேசினார். அது எனக்கு வலிக்கிறது. புரட்சியைத் தொடங்கி வைத்ததே அந்தக் கூட்டம்தானே? ஆறு சிப்பாய்கள் விடுதலை ஆனார்கள், இரண்டு பேருக்குக் கட்டைவிரலில் சூடு போட்டார்கள்.

அப்புறம் ஃபேனுவில் ஹால், ரெவியர் வீடு, 1775 ஏப்ரல் 18 இரவு பிரிட்டிஷ் படை கிளம்பிவிட்டது என்று எச்சரிக்க இரண்டு விளக்கு ஏற்றிய ஓல்ட் நார்த் தேவாலயம். இவற்றை எல்லாரும் காட்டுவார்கள். அதைத் தாண்டிக் கொஞ்சம் மேடு ஏறினால் காப்ஸ் ஹில் கல்லறைத் தோட்டம். பிரின்ஸ் ஹால் அடக்கமாகி இருக்கிறார். அடிமைகளை விடுவிக்கச் சொல்லி 1777இல் இந்த மாநிலச் சட்டமன்றத்துக்கு மனு கொடுத்த கறுப்பினத் தலைவர். பலர் இங்கே வராமல் நேராக யுஎஸ்எஸ் கான்ஸ்டிட்யூஷன் என்ற பழைய போர்க்கப்பலைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், தவறாமல் மேடு ஏறுங்கள். பங்கர் ஹில் தூணில் 294 படி இருக்கிறது, அதற்கும் காலில் கொஞ்சம் தெம்பு மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.