480 ரூவா மருந்து சாதிக்காதத பெராக்சைடும் லெவல் டியூபும் சாதிச்சிருச்சு! கருப்பு தாடிப் பாசி போன கத | 3 அடி பிளான்ட் டேங்க்

வணக்கமுங்க எல்லாருக்கும். இன்னைக்கு என் மூஞ்சி அப்புறம், மொதல்ல இந்த எலைய பாருங்க. ஃபோகஸ் ஆகுதா? சித்த இருங்க... ஆ, இப்ப பாருங்க. இது போன மாசம் காட்டுனேன்ல அதே அனுபியாஸ் செடி. ஓரம் பூராவும் கருகருன்னு தாடியாட்ட முடி மொளைச்சு கெடந்துச்சே, பிபிஏ, கருப்பு தாடிப் பாசி, அதேதான். இப்ப ஒரு முடி இல்ல! காலைல லைட் போட்டதும் பாத்துட்டு கட்டன் சாயாவ அப்படியே கீழ வெச்சுட்டு கேமராவ எடுத்துட்டேன்.

புதுசா வந்தவங்களுக்கு மட்டும் ரெண்டு வரி. இது 3 அடி நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம், கணக்குக்கு 190 லிட்டர், மண்ணு கல்லு போக ஒரு 150 லிட்டர் தண்ணி. கப்பி மீன், செர்ரி ரால், அவ்வளவுதான். நம்ம பாலக்காட்டு கொழிஞ்சாம்பாறை போர் தண்ணிக்கு, மீட்டர விட்டா டிடிஎஸ், அதாங்க தண்ணில கரைஞ்சிருக்கற உப்பு, 700 காட்டுது, அதுக்கு கப்பிதான் சொகமா இருக்கும்.

பாசி எப்படி வந்துச்சுன்னா, 12 நாள் உடுமலைல அம்மா வீட்ல இருந்தேன்ல, அப்ப பையன் லைட்ட காலைல போட்டா ராத்திரிதான் அமத்தியிருக்கறான், தீனியும் ரெண்டு வேளைக்கு நாலு வேளையா போட்டிருக்கறான், சின்னப் பையன், மீன் பாவம்னு போட்டிருக்கறான், அவன ஒண்ணும் சொல்லல. தீனி மக்கி அடில தேங்குனா இந்தப் பாசிக்கு கொண்டாட்டம்.

அதுக்குத்தான் அந்த 480 ரூவா பாட்டில். எனக்கு இன்னும் ஆறல மக்களே. எந்தக் கடைன்னு கேக்காதீங்க, சொல்லமாட்டேன், ஆனா நான் அந்தக் கடைக்காரர்கிட்ட ரெண்டு தடவ கேட்டேன், ரால் இருக்குது, ஒண்ணும் ஆகாதுல்லன்னு. ஒண்ணும் ஆகாதுன்னாரு. மறுநாள் காலைல 11 ரால் செவந்து கவுந்து கெடந்துச்சு. அப்புறம் பாட்டில திருப்பிப் பாத்தா பொடி எழுத்துல காப்பர் சல்ஃபேட்னு போட்டிருக்குது. செம்பு சேந்தா ராலுக்கும் நத்தைக்கும் வெசம். 480 ரூவாய்க்கு எத்தன லிட்டர் பாலு வாங்கலாம்! தயவுசெஞ்சு ரால் வெச்சிருக்கறவங்க எந்த மருந்து வாங்குனாலும் காப்பர்ங்கற வார்த்தைய மொதல்ல தேடுங்க.

சரி, இப்ப பண்ணது. மெடிக்கல் ஷாப்ல ஹைட்ரஜன் பெராக்சைடு கேட்டா குடுப்பாங்க, புண்ணு கழுவறது. இதுல ஒரு விசயம் ரொம்ப முக்கியம், வெளிநாட்டு வீடியோல எல்லாம் 3 சதவீதம்னு சொல்லித்தான் அளவு சொல்லுவாங்க, நம்ம ஊரு மெடிக்கல்ல கெடைக்கறது பெரும்பாலும் 6 சதவீதம், லேபிள்ல 20 வால்யூம்னு இருக்கும். அப்ப அவங்க சொல்ற அளவுல பாதிதான் எடுக்கணும். நான் 150 லிட்டருக்கு மொத்தமே 10 மில்லிதான் எடுத்தேன். ஊசி இல்லாத சிரிஞ்சுல உறிஞ்சி, தண்ணிக்குள்ள விட்டு, பாசிக்கு ஒட்டுனாப்புல மெதுவா மெதுவா அமுக்கணும். உடனே அந்த முடி மேல பூரா பொடிப்பொடி முத்தாட்ட குமிழி ஏறும், பாத்துட்டே இருக்கலாம். கைல ஒறை போட்டுக்கோங்க, எனக்கு வெரல் நுனி வெள்ளையா வெளுத்து சுருசுருன்னு ஒரு மணி நேரம் இருந்துச்சு.

அய்யோ மறந்துட்டேன், அதுக்கு முன்னாடி ஃபில்டர ஆஃப் பண்ணிக்கோங்க! ஓடிட்டிருந்தா மருந்து எலைல நிக்காம தொட்டி பூரா சுத்திரும். 10 நிமிசம் விட்டு ஆன் பண்ணுங்க. பாசித்தாவரம், அதாங்க மாஸ், அது பக்கம் மட்டும் கொண்டு போகாதீங்க, அதுவும் வெந்துரும்.

மறுநாள் கருப்பு முடி பூரா ரோஸ் கலர்ல மாறிருச்சு. ஏன்னா இது உண்மைல செம்பாசி வகை, பச்சை செத்தா உள்ள இருக்கற செவப்பு தெரியும். மூணாவது நாள் மிச்சமிருக்கற ராலுக எல்லாம் எல மேல வரிசையா ஒக்காந்து மேஞ்சுட்டிருந்துச்சுக. எனக்கு அப்படி ஒரு சந்தோசம்.

ஆனா மருந்து அடிச்சு விட்டுட்டா திரும்ப வரும். அடி அழுக்க எடுக்கணும். எடுக்கத்தான் டியூபு. அந்த கையால அமுக்கற ரப்பர் பல்பு வெச்ச சைபன் பம்ப் எனக்குப் புடிக்காது, நாலு வாரத்துல வால்வு அடைச்சுக்கும். பச்சை தோட்ட ஹோஸும் வேண்டாம், மடிஞ்சு நின்னுரும், உள்ள என்ன போகுதுன்னும் தெரியாது. கொத்தனாருங்க மட்டம் பாக்கறதுக்கு வெச்சிருப்பாங்கல்ல கண்ணாடியாட்ட லெவல் டியூப், அது! இங்க ஹார்ட்வேர் கடைல சேட்டன் மீட்டர் 22ன்னாரு, பொள்ளாச்சில 15க்கு வாங்கியிருக்கறேன்னு சொன்னேன், "அது கனம் கொறவாணு மோளே"ன்னு ரெண்டையும் அமுக்கிக் காட்டுனாரு, நெசமாவே இது மடியல, அப்புறம் 20க்கு குடுத்தாரு, நாலு மீட்டர் 80 ரூவா. முனைல அரை லிட்டர் தண்ணி பாட்டில அடிய அறுத்துட்டு மூடில ஓட்டை போட்டு சொருகியிருக்கறேன். மண்ணு பாட்டிலுக்குள்ளயே சுத்தி கீழ எறங்கிரும், கழிவு மட்டும் டியூப்ல போறது பழுப்பு நெறத்துல தெரியுது பாருங்க. செடி வேர் இருக்கற எடத்துல குத்தாதீங்க, மேலாப்புல ஓட்டுனா போதும்.

வாரம் 50 லிட்டர் எடுக்கறேன். ஒரு சொட்டு சாக்கடைக்கு போகாது, நம்ம சித்தூர் பக்கமே ஆழியாத்துத் தண்ணிய நம்பி இருக்கற ஊரு, பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாட்டுல இருந்து வருசத்துக்கு 7.25 டிஎம்சி வந்தாத்தான் வெவசாயம். அத்தை வாளி வாளியா கருவேப்பலைக்கு ஊத்தறாங்க, தளதளன்னு இருக்குது.

ஃபில்டர் பஞ்ச தொட்டில இருந்து எடுத்த இந்த வாளித் தண்ணிலயே பிழிங்க, கொழாயில வேண்டாம், க்ளோரின் பட்டா அழுக்க சரி பண்ற பாக்டீரியா செத்துரும். லைட் இப்ப டைமர்ல 7 மணி நேரம், பையனுக்கு வேல இல்ல.

ஆல்கே ஈட்டர், அதாங்க பாசி திங்கற மீன், விடலாமான்னு நெறைய பேரு கேட்டீங்க. கடைல அந்தப் பேருல குடுக்கறது பெரும்பாலும் சைனீஸ் ஆல்கே ஈட்டர், பெருசானா மத்த மீன் மேல ஒட்டிட்டு சளிய உறிஞ்சும், எனக்கு அது ஆகவே ஆகாது. சயாமீஸ்னா கருப்புக் கோடு வால் நுனி வரைக்கும் போகும், அதப் பாத்து வாங்குங்க. 3 அடி தொட்டி வேணும் அதுக்கு.

கண்ணாடில இந்த வெள்ளைக் கோடு தெரியுதா, நம்ம போர் தண்ணி உப்பு. வினிகர் துணில நனச்சு தண்ணி மட்டத்துக்கு மேல மட்டும் தொடைக்கணும். அத இப்ப பண்ணப் போறேன், வாளி ரெம்பிருச்சுன்னு அத்தை கூப்பிடறாங்க, வர்றேனுங்க.