கண்ணாடி விட்டால் மணி அடிக்கும்: தீ எச்சரிக்கைப் பெட்டியின் உள்ளே

[காட்சி: மாடிப்படி வாசல்; சுவரில் சிவப்புப் பெட்டி]

மருத்துவமனையிலோ வணிக வளாகத்திலோ, மாடிப்படி வாசலை ஒட்டி, உள்ளங்கை அளவில் ஒரு சிவப்புப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். தீயைக் கண்டவர் கையாலேயே எச்சரிக்கை கொடுப்பதற்கான இதன் பெயர் மேனுவல் கால் பாயின்ட். பராமரிப்பு ஊழியர்கள் எம்.சி.பி. என்பார்கள். கூரையிலுள்ள புகை உணரி, புகை தன்னிடம் ஏறி வரும்வரை காத்திருக்க வேண்டும். குப்பைத் தொட்டியில் நெருப்பைக் கண்ணால் கண்டவர் அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியதில்லை; இந்தப் பெட்டியின் முகப்பிலுள்ள கண்ணாடியை உடைத்தால் போதும்.

[காட்சி: மூடி கழற்றிய பெட்டி, மிக அருகில்]

கண்ணாடியை உடைத்த பிறகு உள்ளேயிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும் என்றே பலரும் நினைக்கிறார்கள். சிலர் சுத்தியலைக்கூடத் தேடுகிறார்கள். உண்மையில் உள்ளிருக்கும் சிறிய சுவிட்ச் எப்போதும் அழுந்திய நிலையில்தான் இருக்கிறது. அதை அமுக்கிப் பிடித்திருப்பதே அந்தக் கண்ணாடியின் விளிம்பு. இரண்டு கறுப்பு அம்புகளுக்கு நடுவிலுள்ள புள்ளியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால், கண்ணாடி உடைந்து விலக, சுவிட்ச் விடுபட்டு மின்சுற்றை இணைத்துவிடுகிறது. கண்ணாடி விரலைக் கிழிக்காதிருக்க அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பார்கள். 1852-இல் சானிங், ஃபார்மர் என்ற இருவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் தெருக்களில் அமைத்த தந்தி எச்சரிக்கைப் பெட்டியிலோ, கைப்பிடியைப் பிடித்துச் சுழற்ற வேண்டியிருந்தது.

[காட்சி: பேனலிலிருந்து ஓடும் இரண்டு கம்பிகள்]

இந்தப் பெட்டியின் உண்மையான நுட்பம், சுவிட்சோடு தொடராக இணைத்திருக்கும் ஒரு சிறு மின்தடையில் இருக்கிறது. பெரும்பாலும் 470 அல்லது 680 ஓம். கட்டடத்தின் எச்சரிக்கைப் பெட்டிகளையெல்லாம் கண்காணிக்கும் கட்டுப்பாட்டுப் பலகையான பேனலிலிருந்து ஏறத்தாழ 24 வோல்ட்டில் கிளம்பும் இரண்டு கம்பிகளின் கடைசியில் இதைவிடப் பெரிய மின்தடை ஒன்று இருப்பதால், ஒன்றும் நடக்காத நாளிலும் சிறிதளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். கம்பி அறுந்தால் அது நின்றுபோய்ப் பேனலில் பழுது விளக்கு எரியும். கண்ணாடி உடைந்தால் அந்தச் சிறு மின்தடை வழியாகவும் ஓடுவதால் மின்னோட்டம் குறிப்பிட்ட அளவுக்கு உயர்ந்து, ஹூட்டர் என்னும் எச்சரிக்கை ஒலிப்பான் ஒலிக்கும். எலி கடித்து இரு கம்பிகளும் ஒட்டிக்கொண்டால், நடுவே மின்தடை இல்லாததால் மின்னோட்டம் அந்த அளவையும் தாண்டும். அதைத் தீ என்று கொள்ளாமல் பழுது என்று பேனல் பிரித்தறிவது, அந்தச் சிறு மின்தடையின் புண்ணியத்தில்தான்.

[காட்சி: தரையிலிருந்து அளக்கும் நாடா]

பிரிட்டனின் பி.எஸ். 5839 விதித்தொகுப்பு, தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் பெட்டியை வைக்கச் சொல்கிறது; பொதுவாக யாரும் 45 மீட்டருக்கு மேல் நடக்காமலே ஒரு பெட்டியை அடைய வேண்டும் என்றும் சொல்கிறது. வெளியேறும் வாசலில் வைப்பதற்குக் காரணம், எச்சரிப்பவர் தப்பிக்கும் வழியை விட்டுத் திரும்பி உள்ளே போகக்கூடாது என்பதே. வாரம் ஒருமுறை, வெவ்வேறு பெட்டியாக, சாவி போட்டுச் சோதிக்கச் சொல்வதும் அதே விதித்தொகுப்புதான். சாவி கண்ணாடியைச் சற்றே இறக்குவதால், அதை உடைக்காமலே சுவிட்ச் விடுபடும்.

[காட்சி: கதவருகே பச்சைப் பெட்டி]

இதே உருவத்தில் பச்சை நிறப் பெட்டியும் உண்டு. அதன் கண்ணாடியை உடைத்தால் மின்பூட்டு விடுபட்டுக் கதவு திறக்கும், ஹூட்டர் ஒலிக்காது.