444 போட்டும் பாட்டி படம் காணோம்

வணக்கம் மக்களே, பசியாறியாச்சா? சுங்கை சிப்புட்ல விடியக்காலையிலேர்ந்து மழை. தகரச் சத்தம் கேட்டா பொறுத்துக்குங்க.

பழைய தோட்டத்துப் படங்களை ஸ்கேன் பண்ணி, வீட்ல ராஸ்பெர்ரி பைங்கிற ஒரு குட்டி லினக்ஸ் கம்ப்யூட்டர்ல போட்டு வெச்சிருக்கேன். சொந்தக்காரங்க எஸ்எஃப்டிபி, அதாவது நெட்ல பாதுகாப்பா ஃபைல் ஏத்தி இறக்குற முறை, அது வழியா வந்து பாப்பாங்க, அவங்ககிட்ட இருக்கிறதையும் ஏத்துவாங்க. நான் ஏத்துன ஒவ்வொரு படத்துக்கும் 444ங்கிற அனுமதி எண் போட்டேன். படிக்கலாம், எழுத முடியாது. நிம்மதியா படுத்துட்டேன். மறுநாள் பாத்தா, தோட்டத் தொழிலாளருங்க இருந்த லயத்து வாசல்ல பாட்டி நிக்கிற படம் இல்ல!

மாமாவுக்கு போன் அடிச்சேன். "ஒரே மாதிரி ரெண்டு கெடந்துச்சுடா, ஒண்ண அழிச்சிட்டேன்." அழிச்சது நல்லா வந்த ஸ்கேனை. மங்கலானது பத்திரமா இருக்கு.

444 போட்டும் எப்படி அழிஞ்சது? லினக்ஸ்ல ஒரு ஃபைலை அழிக்க, அந்த ஃபைல்ல எழுதுற அனுமதி தேவையே இல்ல. அது இருக்கிற ஃபோல்டர்ல எழுத முடிஞ்சா போதும். தோட்டத்துல காலையில ஆள் கணக்கு எடுப்பாங்கல்ல, அந்தப் பெரட்டு கதையை அப்பா சொல்லுவாரு. ஃபோல்டர்ங்கிறது தோட்டத்து கிளார்க் கிராணியாரு கையில இருக்கிற செக்ரோல் மாதிரி, வெறும் பேர் பட்டியல். ஒருத்தர் பேரை அடிக்க அந்த ஆளைத் தொடவா வேணும்? செக்ரோல்ல பேனா வெச்சா முடிஞ்சது. நான் ஃபோல்டருக்கு 775, அதாவது எனக்கும் என் குரூப்புக்கும் எழுத அனுமதி குடுத்து, மாமாவையும் அதே குரூப்புல சேத்திருந்தேன். பேனாவைக் குடுத்ததே நான்தான்.

இப்ப அதை 1775 ஆக்கிட்டேன். முன்னால வர்ற 1தான் ஸ்டிக்கி பிட். மாமா புதுசா ஏத்தலாம், தான் ஏத்துனதை அழிக்கலாம். என் ஃபைலை அழிக்கிறதுக்கு நான் வரணும், இல்ல கம்ப்யூட்டரோட தலைமைக் கணக்கான ரூட் வரணும்.

சும்மா பாக்க வர்ற பிள்ளைங்களுக்குத் தனி குரூப். சர்வர் கான்ஃபிக்ல இன்டர்னல் எஸ்எஃப்டிபி பக்கத்துல ஒரு மைனஸ், கேப்பிட்டல் ஆர். அதோட எழுதுறது, அழிக்கிறது, பேர் மாத்துறது எல்லாம் அடைபட்டுச்சு. இந்த எஸ்எஃப்டிபியை நடத்துற மென்பொருள் ஓப்பன்எஸ்எஸ்எச், 2010ல வந்த அதோட 5.4லயே இருக்கிற வசதி, எனக்குத்தான் போன வாரம் தெரிஞ்சது.

ஒண்ணு மட்டும் பாத்து செய்யுங்க. ஆளுங்களை ஒரே ஃபோல்டருக்குள்ள அடைக்கிற சிஎச்ரூட் இருக்குல்ல, அந்த ஃபோல்டர் ரூட் பேர்லதான் இருக்கணும், வேற யாருக்கும் அதுல எழுத அனுமதி இருக்கக் கூடாது. நான் அவசரத்துல அதுக்கும் 775 போட்டுட்டேன். ஒருத்தரும் உள்ள வர முடியல. அவங்க போன்ல கனெக்‌ஷன் அறுந்துச்சுன்னு மட்டும் காட்டுது, காரணம் சர்வர் லாக்லதான் இருக்கு. 755க்குத் திருப்பி, அதாவது ரூட் மட்டும் எழுதலாம்னு ஆக்கி, ஏத்துறதுக்கு உள்ளுக்குள்ள தனியா ஒரு ஃபோல்டர் வெச்சப்புறம்தான் சரியாச்சு.

பாட்டி படமா? மூலப்படம் அத்தை வீட்டு அலமாரியில இருக்கு. ஞாயித்துக்கிழமை ஸ்கேனரைத் தூக்கிட்டுப் போகணும்.