மோரிஸ் மைனர்ல ஆயில் லைட்டு மினுக்குதா? பம்ப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கங்க எல்லாருக்கும். இன்னைக்கு மோரிஸ் மைனர், அந்தப் பழைய பிரிட்டிஷ் கார். 948, 1098 சிசி ரெண்டுக்கும் சேர்த்துத்தான் பேசறேன், ரெண்டுமே ஏ-சீரிஸ் எஞ்சின்.

நம்ம மொரீஷியஸ்ல, மேட்டுல இருக்கற கியூர்பிப்ல இருந்து போர்ட் லூயிக்கு இறங்கற வரைக்கும் வண்டி ஜம்முனு வரும். கீழ வந்து ஜனவரி வெயில்ல, டிராஃபிக்ல நின்னதும் ஆயில் லைட்டு, அதான் ஆயில் பிரஷர் குறைஞ்சா எரியற லைட்டு, மினுக் மினுக்குனு எரியும். கராஜுக்குப் போனா முதல் வார்த்தையே "பொம்ப் தெல்வில்". ஆயில் பம்ப் போச்சாம். பெரும்பாலும் பம்ப் இல்லங்க. இந்த எஞ்சின்ல பம்ப் கேம்ஷாஃப்டோட பின் முனையில, பேக் பிளேட்டுக்கு உள்ள இருக்கு. கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் கழட்டினாத்தான் கை போகும். அதனால அது கடைசி.

முதல்ல லைட்டு பொய் சொல்லுதான்னு பாருங்க. இக்னிஷன் ஆன் பண்ணிட்டு, எஞ்சின் பிளாக்ல இருக்கற ஆயில் பிரஷர் சுவிட்ச்சோட வயரைப் பிடுங்குங்க. அப்பவும் லைட்டு எரியுதுன்னா வயர் எங்கயோ பாடியில உரசுது, எஞ்சின் மேல தப்பில்ல. அணைஞ்சா சுவிட்ச்சைக் கழட்டி அந்த இடத்துல பிரஷரை அளக்கற ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்க. பழைய சுவிட்ச்சையும் கடைக்கு எடுத்துட்டுப் போங்க. மரை சரியா இருக்கணும், கண்ணளவுல வாங்கி முறுக்காதீங்க.

ஒரு இருபது நிமிஷம் ஓட்டி, நல்லா சூடானப்புறம் பாருங்க. ஓடும்போது பிரஷர் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு, ஐடிலிங்ல 15க்குக் குறையாம இருந்தா நிம்மதியா இருங்க. சூட்டுல ஐடிலிங் மட்டும் குறைஞ்சு, ஆக்ஸிலேட்டர் மிதிச்சதும் 60க்கு ஏறுதுன்னா, ஆயில் இளகியிருக்கு, இல்ல பேரிங் லேசா தேய ஆரம்பிச்சிருக்கு. காலையில குளிர்ந்த எஞ்சின்லயே ஏற மாட்டேங்குதுன்னா ரிலீஃப் வால்வு (பிரஷர் அதிகமானா ஆயிலைத் திருப்பி விடற வால்வு) திறந்தபடி சிக்கியிருக்கலாம், இல்ல சம்ப்ல, அதான் அடியில இருக்கற ஆயில் தொட்டியில, சல்லடை அடைச்சிருக்கலாம். குளிர்ல 60, சூட்டுல வேகமா ஓட்டினாலும் 25, 30தான் வருதுன்னா பேரிங்தான்.

அடுத்தது ஆயில். டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை அடிச்சு, அளவும் ஏறியிருந்தா, எஸ்யூ கார்புரேட்டர்ல ஃப்ளோட் நீடில் ஒழுங்கா மூடல. பெட்ரோல் வழிஞ்சு சம்ப்புக்கு இறங்குது. அதைச் சரி பண்ணாம புது ஆயில் ஊத்தறது காசைக் கடல்ல கொட்டற மாதிரி. ஊத்த வேண்டியது 20டபிள்யூ-50. நம்ம தீவுல குளிர்காலம்னாலும் அது போதும். புது ஜப்பான் காருக்கு வாங்கின 5டபிள்யூ-30 மிச்சம் இருக்குன்னு இதுல ஊத்தாதீங்க, லைட்டு எரியத்தான் செய்யும்.

இப்போ ரிலீஃப் வால்வு. கிட்ட வாங்க, காட்டறேன். பிளாக்கோட பின்பக்கம் குல்லா மாதிரி ஒரு நட்டு தெரியுதா? அதைக் கழட்டினா முதல்ல வாஷர், அப்புறம் ஸ்பிரிங், அதுக்குப் பின்னாடி இந்தக் கிண்ணம் மாதிரி பிளஞ்சர். பிளஞ்சர் சும்மா வராது. கிண்ணத்துக்குள்ள இறுக்கமா நுழையற ஒரு மரக்குச்சியைச் செருகி இழுங்க. கூம்பா இருக்கற இந்த விளிம்பைப் பாருங்க, சுத்தி ஒரே சீரா மங்கலா ஒரு வளையம் இருக்கணும். இதுல ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் கருப்பு. அப்போ முழுசா உட்காரல, அந்த வழியா ஆயில் சம்ப்புக்கே திரும்பிப் போகுது. வால்வு பேஸ்ட் துளி தடவி, அதே குச்சியால முன்னும் பின்னும் திருப்பித் தேய்க்கலாம். ஆனா பேஸ்ட் ஒரு துகள் உள்ள தங்கினாலும் பேரிங் காலி. பெட்ரோல்ல நனைச்ச துணியால மூணு நாலு தடவை துடைங்க. கோடு ஆழமா விழுந்திருந்தா புது பிளஞ்சர்தான்.

ஸ்பிரிங்கோட நீளத்தை அளங்க. தனியா வச்சு 72.6 மில்லிமீட்டர் இருக்கணும். சுருங்கியிருந்தா மாத்துங்க. சில பேர் ஸ்பிரிங்குக்குப் பின்னாடி கூடுதலா வாஷர் போட்டு "சரியாயிடுச்சு"ம்பாங்க. யோசிச்சுப் பாருங்க: இந்த வால்வு திறக்கறதே 60 பவுண்டுல. ஐடிலிங்ல 10 பவுண்டு இருக்கும்போது அது மூடித்தான் கிடக்கு. மூடின கதவை இன்னும் இறுக்கிச் சாத்தினா என்ன கிடைக்கும்? குளிர்ல பிரஷர் எகிறும், லைட்டு பழையபடி மினுக்கும்.

பம்ப் ஆயிலைத் தள்ள மட்டும்தான் செய்யும். பிரஷர் உண்டாகறது இடுக்குல. தோட்டத்து ஹோஸ் பைப் வாயை விரலால அமுக்கினா தண்ணி சீறுதுல்ல, அதான். பேரிங் தேஞ்சா விரலை எடுத்த மாதிரி. ஆக்ஸிலேட்டரை விடும்போது லேசா கடகடங்குதா, பிக் எண்ட், அதான் கனெக்டிங் ராடு கிராங்க்ஷாஃப்டைப் பிடிக்கற இடத்து பேரிங். மேட்டுல இழுக்கும்போது அடிவயித்துல இருந்து மொத்துற சத்தம்னா மெயின் பேரிங். சம்ப்பைக் கழட்டி, பிளாஸ்டிகேஜ் (நசுங்கின அகலத்தை வச்சு இடைவெளியைக் காட்டற மெல்லிசான பிளாஸ்டிக் இழை) வச்சு, பிக் எண்டை 35 ஃபுட் பவுண்டுல இறுக்கி, திரும்பக் கழட்டி அளங்க. 0.001 முதல் 0.0025 அங்குலம் வரை சரி. அதுக்கு மேல போனா புது ஷெல் (பேரிங் தகடு) வாங்கறதுக்கு முன்னாடி பழைய ஷெல்லோட முதுகுல என்ன சைஸ் அடிச்சிருக்குன்னு பாருங்க. கிராங்க் ஏற்கனவே 10, 20 தௌ (ஒரு தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) அரைச்சிருக்கலாம்.

இவ்வளவுக்கும் எஞ்சின் வெளிய வந்துட்டா பம்ப்பையும் பார்த்துடுங்க. ரோட்டர் முகத்துக்கும் விளிம்புக்கும் நடுவுல 5 தௌக்கு மேல இடைவெளி இருந்தா மாத்திடுங்க.

எல்லாம் மாட்டினதும் நேரா ஸ்டார்ட் பண்ணாதீங்க. நாலு பிளக்கையும் கழட்டிட்டு, லைட்டு அணையற வரைக்கும் ஸ்டார்ட்டர்ல சுத்த விடுங்க. அப்புறம் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் பண்ணி, அந்தக் குல்லா நட்டு ஓரம் கசியுதான்னு விரலால தடவிப் பாருங்க.