ஆதிச் சபையின் பந்தி

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஆதிக் கிறிஸ்தவத்தின் தோற்றத்தையும் போதனையையும் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். முதல் முந்நூறு ஆண்டுகளின் வரலாற்றைக் கால் மணி நேரத்தில் சொல்லிவிட இயலாது. ஆகையால் ஒரே ஒரு வாசல் வழியாக அதற்குள் நுழையலாம் என்று நினைக்கிறேன். அந்த வாசல் சாப்பாட்டுப் பந்தி. ஆதிச் சபையார் எதை நம்பினார்கள் என்பதை, அவர்கள் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம் என்னும் எண்ணம் நெடுநாளாக என் மனத்தில் ஊன்றியிருக்கிறது.

அது ஊன்றிய இடம் திருநெல்வேலிச் சீமையில் எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயில் வளாகம். ஆண்டுக்கு ஒருமுறை அங்கே அசனம் நடக்கும். ஊரார் எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து ஒரே உலைச் சோற்றை உண்ணும் நாள் அது. எனக்குப் பத்து வயது இருக்கும்போது முதல் பந்தியிலேயே இடம் பிடித்து, இரண்டு முறை குழம்பு வாங்கி வயிறாரச் சாப்பிட்டேன். வயல் வேலை முடிந்து வந்தவர்கள் உட்காரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அண்டாவின் அடியில் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டது. வெறும் சோறு மட்டும் விழுந்த இலையின் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி, சேற்றுக் கறை காயாத கையால் அந்தச் சோற்றைப் பிசைந்தார். என் ஆச்சி என்னை அருகில் அழைத்து, "பவுல் என்ன எழுதினார் தெரியுமாடா?" என்று கேட்டார். அவர் சொன்ன வசனத்தைச் சற்று நேரத்தில் சொல்கிறேன்.

முதலில் தொடக்கத்துக்குப் போவோம். பொந்தியு பிலாத்து என்னும் ரோம ஆளுநன் கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டான். அவன் காலத்தில் நாசரேத்தூர் இயேசு சிலுவையில் அறையப்பட்டார். அவர் யூதர், அவருடைய முதல் சீடர்கள் அனைவரும் யூதர்கள். அவர்மேல் சாட்டப்பட்ட குறைகளுள் ஒன்றைச் சுவிசேஷங்கள் மறைக்காமல் சொல்கின்றன: அவர் ஆயக்காரரோடும் பாவிகள் எனப்பட்டோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதே அது. ஆயக்காரன் என்பவன் ஆட்சியாளருக்காகத் தன் ஊராரிடமே வரி பிடுங்கியவன். அவன் வீட்டுப் படியை மதிப்புள்ளவர்கள் மிதிக்கமாட்டார்கள். விருந்து வைத்தால் திரும்ப அழைக்க வசதியுள்ளவர்களை அழைக்காதே, ஏழைகளையும் ஊனரையும் பார்வையற்றவர்களையும் அழை என்று அவர் போதித்தார். போதனையும் பந்தியும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன.

அவருக்குப் பின் எழுந்த முதல் பெரும் பூசலும் பந்தியைப் பற்றியதுதான். சிரியா நாட்டு அந்தியோகியாவில் யூதர்களும் யூதரல்லாதோரும் ஒன்றாக உண்டு வந்தார்கள். இயேசுவின் முதன்மைச் சீடரான பேதுருவும் அவர்களோடு உண்டார். எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அவர் அந்தப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். யூதரல்லாதோரிடையே சபைகளை நிறுவிய பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாக நேருக்கு நேர் கண்டித்தார். இதைக் கேட்கிறவர்கள் பேதுருவை எளிதாகக் குறை சொல்லிவிடக்கூடாது. யூதர்களுடைய உணவு விதிகள் வெறும் பழக்கமாக இருந்தவை அல்ல. அவற்றைக் காப்பதற்காக அவர்களுடைய முன்னோர் உயிரையும் கொடுத்திருந்தார்கள். அப்படிப்பட்ட விதியையும் தாண்டி ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்று பவுல் வாதாடியதால்தான் அந்தப் பூசல் அத்தனை கடுமையாயிற்று.

இனி கொரிந்து. கிரேக்க நாட்டில் இரு பக்கமும் துறைமுகங்கள் அமைந்த ஊர் அது. கி.மு. 146இல் ரோமர்கள் அதை அழித்தார்கள், கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் அதை மீண்டும் நிறுவி, விடுதலை பெற்ற அடிமைகள் பலரை அங்கே குடியேற்றினார். பிறப்பால் பெருமை பேச வழியில்லாதவர்கள் பணத்தால் பெருமை தேடிய நகரம் அது. அங்கிருந்த சபைக்குத் தனிக் கோயில் கிடையாது. வசதியுள்ள ஒருவர் வீட்டில் கூடினார்கள், ஒன்றாக உண்டார்கள், உண்ணும்போதே அப்பத்தைப் பிட்டு இயேசுவை நினைவுகூர்ந்தார்கள். அப்பம் பிட்பதும் ஜெபமும் சாப்பாடும் மூன்று தனி நிகழ்ச்சிகளாக அன்று பிரிந்திருக்கவில்லை என்பதை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

ரோம வீட்டு உணவறையில் மூன்று சாய்மஞ்சங்கள் இருக்கும். ஒரு மஞ்சத்துக்கு மூவர் என ஒன்பது பேர் சாய்ந்து உண்பார்கள். மற்றவர்கள் முற்றத்தில்தான் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அன்று விடுமுறை நாளாகவும் இல்லை. கான்ஸ்டன்டைன் பேரரசர் அதை ஓய்வு நாளாக அறிவித்தது 321ஆம் ஆண்டில்தான். ஆகவே அடிமைகளும் கூலியாட்களும் துறைமுக வேலையை முடித்துக்கொண்டு இருட்டிய பிறகே வந்து சேர்ந்திருப்பார்கள். அதற்குள் உள்ளே இருந்தவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். அறிஞர் பலர் அந்தக் காட்சியை இவ்வாறே விளங்கிக்கொள்கிறார்கள். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் குடிவெறியாயிருக்கிறான் என்று பவுல் அந்தச் சபைக்கு ஒரு கடிதத்தில் சினந்து எழுதினார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்டார். பெரிய தத்துவ விளக்கம் எதுவும் தராமல், போஜனம் பண்ணக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று முடித்தார். என் ஆச்சி அன்று சொன்ன வசனம் இதுதான். பந்திக்கு முந்து என்று பழமொழி சொல்லும் நாட்டில் வளர்ந்த எனக்கு, காத்திரு என்ற அந்தச் சொல் இன்றளவும் காதில் ஒலிக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சிலுவைக்கு முந்திய இரவில் இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இராப்போஜனத்தைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று, பவுல் ஏறத்தாழ 54ஆம் ஆண்டில் எழுதிய இந்தக் கடிதத்தின் இதே பகுதியில்தான் இருக்கிறது. சுவிசேஷங்கள் அதற்குப் பிறகே எழுதப்பட்டன. யார் முந்திச் சாப்பிட்டது என்ற சச்சரவைத் தீர்ப்பதற்காகவே பவுல் அந்த இரவை நினைவுபடுத்தினார். கொரிந்துவில் எல்லாரும் காத்திருந்து சாப்பிட்டிருந்தால், அந்தச் சான்று நம் கைக்கு வராமலே போயிருக்கலாம்.

அடுத்து நான் சொல்லப்போவது ரோமப் பெருமகன் இளைய பிளினியின் கதை. எங்கே பேசினாலும் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. ஒரு செல்வர் வீட்டில் பிளினி விருந்துண்டார். அந்தச் செல்வர் சிறு குடுவைகளில் மூன்று தரமான திராட்சரசம் வைத்திருந்தார்: தனக்கும் பிளினி போன்றோருக்கும் முதல் தரம், எளிய நண்பர்களுக்கு இரண்டாம் தரம், விடுதலை பெற்ற அடிமைகளுக்குக் கடைசித் தரம். அருகில் சாய்ந்திருந்தவர், இந்த முறை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். பிடிக்கவில்லை என்றார் பிளினி. உங்கள் வீட்டில் எப்படி என்றார் அவர். எல்லாருக்கும் ஒன்றே, நான் அழைப்பது விருந்துக்கு, தரம் பிரிப்பதற்கு அல்ல என்றார் பிளினி. விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் அதுவேயா? ஆம், அந்த நேரத்தில் அவர்கள் என்னோடு உண்பவர்கள். அப்படியானால் செலவு மிகுமே? மிகாது, நான் குடிப்பதை அவர்கள் குடிப்பதில்லை, அவர்கள் குடிப்பதை நான் குடிக்கிறேன். இந்த உரையாடலை அவரே ஓர் இளைஞருக்குக் கடிதமாக எழுதி வைத்திருக்கிறார். அக்காலத்து ரோமரில் இவ்வளவு பண்போடு பேசியவரைக் காண்பது அரிது.

அதே பிளினி சில ஆண்டுகள் கழித்து, இன்றைய துருக்கியின் வடகரையிலிருந்த பித்தினியா, பொந்து பகுதிக்கு ஆளுநராகப் போனார். ஏறத்தாழ 112ஆம் ஆண்டில், கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்டு டிராஜன் பேரரசருக்கு எழுதினார். அவர்களை விசாரித்து அறிந்ததை அப்படியே எழுதினார்: குறித்த நாளில் பொழுது விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகக் கொண்டு பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், சொன்ன சொல் தவறமாட்டோம், நம்பி ஒப்படைத்த பொருளை இல்லையென்று சாதிக்கமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், பிறகு மீண்டும் கூடி உண்கிறார்கள், அது சாதாரணமான, தீங்கற்ற உணவு. தீங்கற்ற உணவு என்று சொல்ல வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. கிறிஸ்தவர்கள் மனித மாமிசம் தின்கிறார்கள் என்ற வதந்தி அக்காலத்தில் உலவியது. சங்கங்களுக்குப் பிளினி தடை விதித்த பின் அந்தச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டதாக அவர்கள் சொன்னார்கள். சங்கம் என்றாலே பேரரசருக்கு அச்சம். நிக்கொமேதியா நகரில் தீயணைக்க 150 பேர் கொண்ட குழு அமைக்கலாமா என்று பிளினி கேட்டபோதுகூட டிராஜன் மறுத்துவிட்டார்.

அந்த விசாரணையில் இன்னொன்றும் நடந்தது. சபையில் பணிவிடைக்காரர் என்ற பொறுப்பை வகித்த இரண்டு அடிமைப் பெண்களை, உண்மையை வரவழைப்பதற்காகப் பிளினி சித்திரவதை செய்தார். விடுதலை பெற்ற அடிமைக்கும் தன் குடுவையிலிருந்தே ஊற்றிய அதே கைதான் இதற்கும் ஆணையிட்டது. அந்தப் பெண்களின் பெயரைக்கூட அவர் எழுதவில்லை. பிளினியின் பந்தியில் இரக்கம் இருந்தது. ஆனால் அது விடுதலை பெற்றவர்களோடு நின்றுவிட்டது. இன்னும் அடிமையாகவே இருந்த பெண் பொறுப்பில் நின்று பரிமாறிய பந்தி, அவர் வேரறுக்க வந்த பந்தி. நேயர்களே, ஆதிக் கிறிஸ்தவம் எதைப் போதித்தது என்று யாராவது என்னைக் கேட்டால், பெயர் தெரியாத அந்த இரண்டு பெண்களைத்தான் நான் முதலில் சுட்டிக்காட்டுவேன். அடிமைமுறையை அந்தச் சபைகள் ஒழித்துவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பந்தியில் சமமாக இருந்தவர் விடிந்ததும் எசமானின் வீட்டுக்குத்தான் திரும்பினார்.

நேரத்தைப் பார்க்கிறேன்; இனிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். திதாகே என்னும் பழைய கிறிஸ்தவ ஒழுங்கு நூலின் ஏட்டுப்படி ஒன்றை, பிலோதியோஸ் பிரையெனியோஸ் என்னும் கிரேக்க அறிஞர் 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுத்தார். மலைகளின்மேல் சிதறிக் கிடந்தது சேர்க்கப்பட்டு ஒரே அப்பமானதுபோல உமது சபையும் சேர்க்கப்படட்டும் என்ற ஜெபம் அதில் இருக்கிறது. ஊர் ஊராக வரும் தூதரை வரவேற்று உபசரிக்க வேண்டும், ஆனால் அவர் மூன்று நாள் தங்கினால் பொய்த் தீர்க்கதரிசி என்றும் அது சொல்கிறது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது அங்கேயும் தெரிந்திருந்தது.

ஜஸ்டின் என்னும் கிறிஸ்தவ எழுத்தாளர் ஏறத்தாழ 155ஆம் ஆண்டில் ரோமிலிருந்து எழுதியதைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். ஞாயிறன்று பிட்ட அப்பத்தை, வர இயலாதவர்களுக்கு உதவியாளர்கள் வீட்டுக்கே எடுத்துச் செல்வார்கள். அங்கே சேரும் காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் சிறையில் இருப்போருக்கும் வழிப்போக்கருக்கும் போகும் என்கிறார். 251ஆம் ஆண்டளவில் ரோமச் சபை 1,500க்கும் மேற்பட்ட விதவைகளையும் வறியவர்களையும் தாங்கி வந்ததாக அதன் ஆயர் கொர்னேலியுவின் கடிதம் கூறுகிறது.

கடைசியாக ஒரு வீடு. சிரியாவில் யூப்ரத்து நதிக்கரையில் தூரா யூரோப்பஸ் என்னும் கோட்டை நகரில் சாதாரண வீடு ஒன்றைக் கிறிஸ்தவர்கள் 240ஆம் ஆண்டையொட்டித் தங்கள் கூடுமிடமாக மாற்றினார்கள். இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை இடித்து, எல்லாரும் ஒரே இடத்தில் உட்காரும்படி பெரிய கூடமாக்கினார்கள். 256ஆம் ஆண்டளவில் பாரசீகப் படை நகரை முற்றுகையிட்டபோது, மதிலை வலுப்படுத்துவதற்காகக் கொட்டப்பட்ட மண் அந்த வீட்டை மூடிற்று. 1930களில் அகழ்ந்து எடுத்தபோது, சுவர் இடிக்கப்பட்ட அந்தக் கூடம் அப்படியே இருந்தது.

வணக்கம்.